சித்தப்பா வழியா, மகள் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கலீஃபாக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. அப்பாஸிய கலீஃபாக்கள் நபிகள் நாயகத்தின் மகள் ஃபாத்திமாவின் வழியில் வந்தவர்கள் என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. அவர்கள் நபிகளின் சித்தப்பா அப்பாஸின் வழியில் வந்தவர்கள். இதை அச்சுப்பிழை மாதிரி விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 762-ல் மதீனாவில் ஒரு கிளர்ச்சியே நடந்தது. அதற்கு வருகிறேன். இன்னொன்று, ஆரம்ப காலச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் நபிகளின் ஹாஷிம் குலத்துக்கும், பின்னால் ஆட்சியைப் பிடித்த உமையா குலத்துக்கும் இருந்த பரம்பரைப் பகையே காரணம் என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது.

அந்த இரண்டு குலமும் பங்காளிகள், சார். அப்து மனாஃபின் மகன்கள் ஹாஷிமும் அப்து ஷம்ஸும். அப்து ஷம்ஸின் மகன் உமையா. இரு பக்கமும் பெண் கொடுத்து எடுத்தும் இருக்கிறார்கள். உமையா குலத்து உஸ்மான் நபிகளின் இரண்டு மகள்களை ஒருவர் பின் ஒருவராக மணந்தவர், அதே குலத்து அபூ சுஃப்யானின் மகள் உம்மு ஹபீபா நபிகளின் மனைவி. ஹாஷிமும் அப்து ஷம்ஸும் ஒட்டிப் பிறந்தார்கள், வாளால் வெட்டித்தான் பிரித்தார்கள், அதனால்தான் வம்சத்துக்கே ரத்தம் என்று ஒரு கதை உண்டு. முடிவு தெரிந்த பிறகு யாரோ கட்டிய கதை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

632-ல் நபிகள் மறைந்தபோது ஆட்சிக்கு வந்த அபூபக்கர் இந்த இரண்டு குலத்திலும் சேர்ந்தவர் இல்லை. அவர் தைம் குலம், அடுத்து வந்த உமர் அதீ குலம், இரண்டுமே மக்காவின் குறைஷிக் கோத்திரத்தில் சின்ன வீடுகள். மகன் கலீஃபா ஆனதைக் கேள்விப்பட்ட அபூபக்கரின் வயதான தந்தை, அப்து மனாஃப் வீட்டார் இதற்கு ஒத்துக்கொண்டார்களா என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டதாக ஒரு செய்தி இருக்கிறது. அன்சாரிகளிடம், அதாவது மதீனாவாசிகளான முஸ்லிம்களிடம், வைக்கப்பட்ட வாதமும், குறைஷியில் ஒருவர் என்றால்தான் அரபுக் கோத்திரங்கள் கட்டுப்படும் என்பதுதான். குறைஷிக்குள் எந்த வீடு என்ற கேள்வி அன்றைக்கு இரண்டாம்பட்சம். அப்புறம் கலீஃபா உஸ்மான் கொலை (656), அவருடைய உறவினன் என்ற உரிமையில் பழிக்குப் பழி கேட்ட சிரியா ஆளுநர் முஆவியா, ஃபாத்திமாவின் கணவர் அலீயின் மகன் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா (680) என்று போனது கட்டுரையிலேயே இருக்கிறது.

கட்டுரையில் விட்டுப்போன ஒருவரைச் சொல்கிறேன். 685-ல் இராக்கின் கூஃபா நகரில் முக்தார் என்பவர் கிளர்ச்சி செய்தது அலீயின் மகன் ஒருவர் பெயரில், ஆனால் அவர் ஃபாத்திமாவின் பிள்ளை இல்லை. ஹனீஃபா குலத்துப் பெண்ணுக்குப் பிறந்த முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா. அது முக்தாருக்குத் தடையாகவும் இல்லை. 'நபிகளின் குடும்பம்' என்றால் எதுவரை என்பதற்கு அன்றைக்கு இன்னும் வரப்பு போடவில்லை.

அந்த வரப்பில்லாத நிலத்தில்தான் அப்பாஸியர் விதைத்தார்கள். இன்றைய ஜோர்டானின் தெற்கில் உள்ள ஹுமைமா என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, ஈரானுக்குக் கிழக்கே தூரத்துக் குராசானில் உமையா ஆட்சிக்கு எதிராக ஆள் திரட்டினார்கள். திரட்டும்போது யாருக்காக என்று பெயர் சொல்லவில்லை. 'முஹம்மதின் குடும்பத்தில் எல்லோருக்கும் ஏற்புடைய ஒருவர்', அவ்வளவுதான். கேட்டவர்களில் பலர் அலீயின் வழியில் வந்த ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். 749-ல் கூஃபா பள்ளிவாசலில் பெயர் வெளியே வந்தபோது அது அப்பாஸின் கொள்ளுப்பேரன் மகன்.

இந்த ஏமாற்றம் 762-ல் வெடித்தது. அலீ-ஃபாத்திமாவின் மகன் ஹசனின் வழித்தோன்றலான முஹம்மது, நஃப்ஸுஸ் ஸகிய்யா என்று பெயர் பெற்றவர், மதீனாவில் எழுந்தார். அப்பாஸிய கலீஃபா மன்சூர் அப்போது பாக்தாதைக் கட்டத் தொடங்கியிருந்த நேரம். படை அனுப்பும் முன் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்; பழைய வரலாற்றாசிரியர் தபரி அதை முழுசாகவே கொடுக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை அசல்தானா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படலாம், ஆனால் வாதம் அந்தக் காலத்து வாதம்தான். சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம், பத்து லட்சம் திர்ஹம் என்றார் மன்சூர். எந்த உத்தரவாதம், இப்னு ஹுபைராவுக்குக் கொடுத்ததா, உங்கள் சித்தப்பா அப்துல்லாஹ்வுக்குக் கொடுத்ததா, அபூ முஸ்லிமுக்குக் கொடுத்ததா என்று பதில் வந்தது. (உமையா தளபதி இப்னு ஹுபைராவும், குராசானில் அப்பாஸியருக்குப் படை திரட்டிய அபூ முஸ்லிமும் அதற்குள் கொல்லப்பட்டாயிற்று, அப்துல்லாஹ் சிறையில்.) கூடவே, நான் ஃபாத்திமாவின் வம்சம், என் ரத்தத்தில் அடிமைப் பெண் கலப்பில்லை என்று ஒரு குத்து. மன்சூரின் தாய் சல்லாமா ஒரு பெர்பர் அடிமைப் பெண்.

மன்சூர் அசரவில்லை. நபிகளின் மகன் இப்ராஹீமின் தாய் யார், உங்கள் வீட்டிலேயே சிறந்தவரான ஹுசைனின் மகன் அலீயின் தாய் யார், இருவருமே அடிமைப் பெண்கள்தானே என்று கேட்டார். 'முஹம்மது உங்கள் ஆண்களில் எவருக்கும் தந்தை அல்ல' என்ற குர்ஆன் வசனத்தை எடுத்து வைத்தார். மகள் வழியில் ஆட்சி உரிமை வராது, தந்தையின் சகோதரரும் தந்தைதான், நபிகள் மறைந்தபோது அவருடைய தந்தையின் சகோதரர்களில் உயிரோடு இருந்தவர் அப்பாஸ் ஒருவர்தான், எனவே வாரிசு அவரே என்றார். தந்தையின் சகோதரரும் தந்தை என்பதை அவர் வாதாடி நிறுவ வேண்டியிருந்தது, தமிழில் 'சித்தப்பா' என்றாலே அதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு அலீயின் தந்தை அபூதாலிப் பெரியப்பா, அப்பாஸ் சித்தப்பா. அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல்.

வாதம் கெட்டிதான். ஆனால் 632-ல் அந்த அப்பாஸே, கையை நீட்டு, நான் உனக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்கிறேன் என்று அலீயிடம் சொன்னதாகப் பழைய நூல்களில் இருக்கிறது. வாரிசு உரிமை தனக்கு இருப்பதாக அவர் நினைத்த மாதிரித் தெரியவில்லை. அப்பாஸியர் முதலில் சொன்னதும் இது இல்லை. இப்னுல் ஹனஃபிய்யாவின் மகன் அபூ ஹாஷிம் சாகும்போது உரிமையைத் தங்களுக்கு எழுதி வைத்தார் என்பதுதான் பழைய பேச்சு. அதன்படி பார்த்தால் உரிமை அலீ வீட்டில் இருந்து வந்ததாகிவிடும் இல்லையா. மன்சூரின் மகன் மஹ்தி காலத்தில் அதை மெல்லக் கைவிட்டு, அப்பாஸ் வழி நேரடி வாரிசு என்பதையே அதிகாரபூர்வமாக்கினார்கள். இதைப் பரம்பரைப் பகை என்று எப்படிச் சொல்வது? வாள் முதலில் ஜெயித்தது, வம்சாவளியை அதற்கேற்றபடி திருத்தினார்கள். கிளர்ச்சி செய்த அந்த முஹம்மது அதே 762 டிசம்பரில் மதீனாவில் கொல்லப்பட்டார்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் ஒரு வம்சப் படமும் சேர்த்துப் போடுங்கள். அப்து மனாஃபில் இருந்து தொடங்கினால் போதும். பெண்களின் பெயர்களையும் போடச் சொல்லுங்கள், சல்லாமா உட்பட. போன வாரப் படத்தில் ஃபாத்திமாவுக்குக்கூட ஒரு கட்டம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்