சனிக்கிழமை பயிற்சி, எல்லோரும் வந்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாலை மையத்தில் பிள்ளைகளோடு இருக்கும் எல்லோரும் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக மாடிக்கு வந்துவிடுங்கள். இந்த முறை பேச்சாளர் கிடையாது, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் வகுப்பை இன்னொருவர் உட்கார்ந்து பார்க்கப் பழகப் போகிறோம். அமெரிக்காவில் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மையங்களில் உள்ள முறைதான்: பாதுகாப்பு, ஆதரவு, பழகும் விதம், ஈடுபாடு என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அம்சங்கள், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டு 1, 3, 5 என்று மதிப்பெண். எழுதாமல் மதிப்பெண் போடக்கூடாது.

போன வாரம் என் வகுப்பை ஒரு தோழி குறித்துக்கொடுத்தார். கேள்வி கேட்டுவிட்டு மூன்று எண்ணுவதற்குள் நானே பதில் சொல்லியிருக்கிறேன், ஏழு தடவை. கடைசி வரிசையில் ஒரு பெண் பாதி தூக்கிய கையை ஒவ்வொரு முறையும் இறக்கிக்கொண்டாளாம். படித்ததும் மனசு கனத்துவிட்டது, இத்தனை நாளாக இது என் கண்ணில் படவே இல்லை.

யாரையும் நீக்கவோ குறை சொல்லவோ இந்த மதிப்பெண் இல்லை, தாள் வகுப்பெடுத்தவர் கையிலேயே இருக்கும். அதைவைத்து ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் செய்து பாருங்கள், அப்புறம் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டாயம் வரவேண்டும். வர முடியாதவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள், ஜோடி பிரிக்க வேண்டும்.