கோச் பக்கத்தில் இருந்தால் மதிப்பெண் கூடுகிறது, மேடம்

அன்புள்ள மேடம்,

உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பாதி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிசியோ நான்தான். உங்களுக்கு நினைவிருக்காது. விளையாட்டு உளவியல் என்றால் போட்டிக்கு முன்னால் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்வது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். முழங்கால் பழுதானால் முழங்காலைப் பார்ப்போம், தொடைக்குப் பலம் வந்துவிட்டால் மனசு பின்னாலேயே வந்துவிடும். பதினான்கு வருடம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

அன்று நீங்கள் பலகையில் மூன்று எண்களை எழுதினீர்கள்: 90, 63, 44. ஏ.சி.எல். (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுவை சிகிச்சை பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வந்த தொகுப்பாய்வின் கணக்கு அது. பரிசோதித்துப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு முழங்கால் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கிறது. ஆனால் பழைய தரத்துக்குத் திரும்புகிறவர்கள் 63 பேர், போட்டி ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் 44 பேர்தான். விலகியவர்கள் அதிகம் சொன்ன காரணம், மறுபடி அடிபடுமோ என்ற பயம். எழுதிக்கொண்டேன். உறைக்கவில்லை.

உறைக்க ஒரு வாலிபால் ஆட்டக்காரி வர வேண்டியிருந்தது. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் தாண்டியிருந்தது. ஒற்றைக்காலில் தாண்டும் சோதனையில் அந்தக் கால் மறுகாலுக்கு 96 சதவீதம் வந்தது. ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா பயிற்சியைப் பார்க்கப் போனேன். வலைக்குப் பக்கத்தில் எழும்பினாள், அடித்தாள், எல்லாம் பழையபடிதான். இறங்கும்போது மட்டும் இடது கால் முதலில் தரையைத் தொட்டது. வலது கால், கூப்பிடாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, ஒரு கணம் கழித்து வந்தது. தட், தட். கண்ணை மூடிக்கொண்டால்கூடக் கேட்கும். ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னாலும் கட்டைவிரலால் தழும்பை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். அப்படிச் செய்வது அவளுக்கே தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒண்ணும் இல்ல, கால் கல்லு மாதிரி இருக்கு, பயப்படாதே" என்றேன். தலையாட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

25 வயதுக்குள் இருந்து மறுபடி ஆடப் போகிறவர்களில் 23 சதவீதம் பேருக்கு அதே காலிலோ மறுகாலிலோ ஏ.சி.எல். திரும்பவும் கிழிகிறது. நாலில் ஒருவருக்கு நடக்கிற ஒன்றை நினைத்து ஒருத்தி பயந்தால் அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லியிருக்கிறேன். கூடைப்பந்தாட்ட வீரர் டெரிக் ரோஸுக்கு 2012 ஏப்ரலில் ஏ.சி.எல். கிழிந்தது. டாக்டர்கள் சரி என்ற பிறகும் அவர் அடுத்த சீசன் முழுக்க இறங்கவில்லை. அவரைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். 2013 நவம்பரில் அவருடைய இன்னொரு முழங்காலில் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு கிழிந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். உங்கள் குறிப்புகளைத் தேடி, மறுபடி ஆட மனசு தயாரா என்று அளக்க 2008-ல் உருவான அந்த ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. கேள்வித்தாளை எடுத்தேன். பன்னிரண்டு கேள்விகள், நூற்றுக்கு மதிப்பெண், கூடினால் நம்பிக்கை கூடுதல். அவளை வரவழைத்தேன். கூடவே கோச்சும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மதிப்பெண் 88. இரண்டு நாள் கழித்துத் தனியாக வரச் சொல்லி அதே தாளைக் கொடுத்தேன். 37.

ஒரு கேள்வியில் பேனா ரொம்ப நேரம் நின்றது. ஆபரேஷனும் ரிஹேபும் மறுபடி முதலிலிருந்து என்ற நினைப்பு உங்களை ஆடவிடாமல் தடுக்கிறதா, என்கிற கேள்வி. வலியை நினைத்துப் பயமில்லை என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீருக்குக்கூட ஆளைக் கூப்பிட்ட அந்த மூன்று வாரத்தை நினைத்துத்தான் பயம். ஒன்பது மாதமாக வாரம் இரண்டு நாள் அவள் முழங்காலை மடக்கி நீட்டியவன் நான். இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிறகு கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தோம். சின்னப் பெட்டியிலிருந்து குதிப்பது, பந்தைப் பார்த்தபடி இறங்குவது. அசைவை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற மனக்காட்சிப் பயிற்சியும் கொடுத்தேன். 2001-ல் வந்த ஆய்வில் தளர்வுப் பயிற்சியோடு சேர்த்து இதைச் செய்தவர்களுக்கு வலியும் மறுகாயப் பயமும் குறைந்து, முழங்கால் பலமும் கூடியது என்றீர்களே, அந்தத் துணிச்சலில்தான். (மொத்தமே 30 பேர் வைத்துச் செய்த ஆய்வு என்று அன்று மனசுக்குள் முணுமுணுத்தேன். இன்றும் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு.) கண்ணை மூடி ஸ்பைக்கை நினைக்காதே, இறங்குகிற சத்தத்தை மட்டும் கேள் என்றேன். ஏழாவது வாரம் மைதானத்தில் ஒரே ஒரு தட்.

உங்களிடம் ஒரு வருத்தமும் இருக்கிறது. கேள்வித்தாளை எப்படிக் கொடுப்பது, எப்படிக் கூட்டுவது என்று கற்றுக்கொடுத்தீர்கள். கூட்டிய பிறகு அந்தத் தாள் யார் கைக்குப் போக வேண்டும் என்பதைப் பேசவே இல்லை. அணியில் யார் இருப்பது என்று தீர்மானிக்கிறவர் அதைப் பார்ப்பார் என்று தெரிந்தால் எந்த ஆட்டக்காரி உண்மையை எழுதுவாள்? அடுத்த முறை நீங்கள் வகுப்பெடுக்கும்போது அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார்கிறேன்.

அந்த 37 என் மேஜை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. கோச் இரண்டு முறை கேட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவள் மேல் அக்கறை உள்ளவர். வியாழக்கிழமை மறுபடி வருகிறார். அவரிடம் என்ன சொல்லட்டும், மேடம்?

அன்புடன்,
உங்கள் கடைசி வரிசை மாணவன்