எல்லாக் கண்ணுக்கும் ஒரே 54 புள்ளியா?

ஃபீல்ட் டெஸ்ட் (பார்வைப் புலச் சோதனை, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எங்கெல்லாம் தெரிகிறது என்ற சோதனை) கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும் நோய்) நோயாளி எழுதுகிறேன். எங்களுக்கு ஓசிடி என்று, கண்ணின் உள்படலங்களை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன் எடுக்கிறார்கள். விழித்திரை நரம்பிழைகள் எங்கே மெலிந்திருக்கின்றன என்று அது மைக்ரான் கணக்கில் சொல்லிவிடுகிறது. அப்புறம் பக்கத்து அறையில் உங்கள் கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்குகிறோம். அந்த ஸ்கேனில் என்ன வந்தது என்பது பெரும்பாலும் உங்கள் கருவிக்குத் தெரியாது. ஏன்?

வழக்கமாகச் செய்யும் 24-2 என்ற வகைச் சோதனையில் 6 டிகிரி இடைவெளியில் 54 புள்ளிகள், யார் உட்கார்ந்தாலும் அதே இடங்களில். நடுப்பார்வையின் 10 டிகிரிக்குள் வருவது 12 தான். படிப்பதும் எதிரில் இருப்பவர் முகத்தை அடையாளம் காண்பதும் அந்த வட்டத்தை வைத்துத்தான், அங்கே பார்வையில் விழும் சின்ன ஓட்டை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தப்பிவிடலாம். நடுப்பகுதியை மட்டும் பார்க்கும் 10-2 சோதனையில் 2 டிகிரிக்கு ஒன்றாக 68 புள்ளிகள் உண்டு, ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் வந்து தனியாக எழுதிக்கொடுத்தால்தான் அது நடக்கும். 24-2சி என்று நடுவில் 10 புள்ளி கூட்டியது நல்ல விஷயம். அதுவும் எல்லாருக்கும் ஒரே 10!

பார்வைப் புலத்தின் எந்தப் பகுதி பார்வை நரம்பின் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று 2000-இல் லண்டனில் கார்வே-ஹீத் குழுவினர் வரைபடம் தந்தார்கள். பயனுள்ளது, ஆனால் சராசரிக் கண்ணுக்கானது. நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலே, கீழே இருக்கும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அவரவர் கண்ணின் அமைப்பை வைத்தே இந்த வரைபடத்தை உருவாக்க முடியும் என்று ஆஸ்திரேலியாவில் டர்ப்பின், மெக்கென்ட்ரிக் குழுவினர் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

54-ஐத் தூக்கிவிடச் சொல்லவில்லை, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட அது வேண்டும். ஸ்கேனில் மெலிந்து தெரியும் இடத்துக்கு நேரான பகுதியில் கூடுதல் புள்ளிகள் வையுங்கள், நன்றாக இருக்கும் இடத்தில் சீக்கிரம் முடித்து அந்த நேரத்தை மிச்சம் பிடியுங்கள், ஏனென்றால் சோதனை நீண்டால் களைப்பிலேயே பாதி தவறாக அமுக்குவோம். ஒன்று மட்டும்: எங்கே தேடுவது என்பதைத்தான் ஸ்கேன் சொல்ல வேண்டும், பதிலை அல்ல. ஸ்கேன் மென்பொருளும் சில சமயம் நரம்பிழைப் படலத்தின் எல்லைக் கோட்டைத் தப்பாகப் போடும்; அதை நம்பி "இங்கே பார்வை குறைவு" என்று கருவி முன்கூட்டியே முடிவுகட்டினால் சோதனையே எதற்கு?

இன்னொன்று, பல இடங்களில் ஸ்கேன் கருவி ஒரு கம்பெனி, ஃபீல்ட் கருவி வேறு கம்பெனி. மருத்துவப் படங்களையும் தரவுகளையும் கருவிகள் பரிமாறிக்கொள்ள டைகாம் என்ற பொது வடிவம் இருக்கிறதே, இரண்டு பக்கமும் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.