எரிக்கும் முன் விந்தகங்களை எடுத்துவையுங்கள்: உயிரியல் பூங்கா இயக்குநர்களுக்கும் வனத்துறை உயர் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பூனை இன விலங்கு ஒன்று பூங்காவில் இறந்தால் உடற்கூறாய்வு நடக்கும், ஈரலும் சிறுநீரகமும் ஃபார்மலினில் போகும், பிறகு அலுவலர்கள் முன்னிலையில் உடல் எரிக்கப்படும். விந்தகங்களும் அதோடு சாம்பலாகிவிடும். அந்த இரண்டு விந்தகங்களிலிருந்து விந்தை எடுத்து, செயற்கைக் கருவூட்டலுக்காக உறையவைத்துச் சேமிப்பதைப் பற்றியது இந்த மடல்.

படைச்சிறுத்தையை எடுத்துக்கொள்வோம். மேகாலயாவின் மாநில விலங்கு அது. மேகச் சிறுத்தை என்றும் எழுதுகிறோம். ஒரு வயதுக்கு முன்பே சோடி சேர்க்காவிட்டால், வளர்ந்த ஆண் பெண்ணைக் கடித்துக் கொன்றுவிடுவது இந்த இனத்தில் வாடிக்கை. மரபுவழிப்படி பொருத்தமான ஆணும் பெண்ணும் வெவ்வேறு ஊர்ப் பூங்காக்களில் வளர்ந்திருந்தால் கூண்டில் சேர்த்துப் பார்ப்பது சூதாட்டம்தான். ஆகவேதான் செயற்கைக் கருவூட்டல். அமெரிக்காவின் நாஷ்வில் பூங்காவில் 1992-ல் இந்த இனத்தில் அது முதன்முதலாக வென்றது. உறைவிந்திலிருந்து குட்டி கிடைத்தது 2017-ல்தான். வாஷிங்டனில் இருந்த ஆணின் விந்தை உறையவைத்து நாஷ்வில்லில் இருந்த பெண்ணுக்குச் செலுத்தினார்கள். இடையில் கால் நூற்றாண்டு!

சோதனைக்குழாய்க் குட்டி என்றால் செய்தி பெரிதாக வரும். ஆனால் புலியில் 1990-ல் நடந்தது சிவிங்கிப்புலியில் 2020-ல்தான் கைகூடியது. அதற்கான ஆய்வகத்துக்கு நிதி கேட்கும் முன், உறைவிந்து அடைத்துவைக்கும் மெல்லிய குழலான ‘குச்சி’யில் விந்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியது எளிது. ஆண் இறந்ததும் உடலைக் குளிர்பதன அறையில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். விந்துநாளத்தைக் கட்டி, இரு விந்தகங்களையும் எபிடிடிமிஸ் (விந்தணுக்கள் சேர்ந்திருக்கும் சுருள்குழாய்) ஒட்டியபடியே வெட்டி, உப்புநீரில் நனைத்த காஸ் துணியில் சுற்றி, சிப் பையில் போடுங்கள். 4–5 டிகிரியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். பை பனிக்கட்டியைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். யாரோ நல்லெண்ணத்தில் ஃபிரீசரில் வைத்துவிடுவார், இன்னொருவர் பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிடுவார். இரண்டிலும் ஒரு விந்தணுகூட மிஞ்சாது.

ஆய்வகத்தில் எபிடிடிமிஸின் வால்பகுதியை 37 டிகிரி ஊடகத்தில் நறுக்கினால் விந்தணுக்கள் நீந்தி வெளிவரும். வடிகட்டி, மெதுவாகச் சுழற்றி, 20 விழுக்காடு முட்டை மஞ்சள் கலந்த நீர்ப்பியில் (விந்தை நீர்த்துக் காக்கும் கரைசல்) எடுத்து, இரண்டு மணி நேரமாவது எடுத்துக்கொண்டு 5 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். உறையும்போது விந்தணுவைக் காக்கும் கிளிசரால் அதன் பிறகே, இறுதி அளவு 4 விழுக்காடு. 0.25 மி.லி. குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனுக்கு 4–5 செ.மீ. மேலே ஆவியில் 10–15 நிமிடம் வைத்துப் பிறகு மூழ்கடிக்கலாம்.

குளிர்விப்பில் ஏன் இத்தனை பொறுமை? படைச்சிறுத்தையின் விந்தணுக்களில் பாதிக்கு மேல் உருக்குலைந்தவை. சட்டென்று குளிர்ந்தால் தலையில் இருக்கும் அக்ரோசோம் உறை கிழிந்துவிடும். நீந்தும், ஆனால் முட்டைக்குள் நுழையாது. காளையின் ஒரு குச்சியிலேயே 2 கோடி விந்தணுக்கள் இருப்பதால் இழப்பு பெரிதாகத் தெரியாது. இங்கே இரு விந்தகங்களிலிருந்தும் சேர்த்தே சில கோடிதான் கிடைக்கும்.

உயிருள்ள ஆணுக்கு வேறு காரணத்துக்காக மயக்கம் கொடுக்கும் நாளையும் வீணாக்க வேண்டாம். மெடெட்டோமிடின் என்ற மருந்து கலந்த மயக்கத்தில் விந்து தானாகவே சிறுநீர் வெளியேறும் பாதைக்குள் இறங்கும். மெல்லிய வடிகுழாயை விட்டு எடுக்கலாம். நீளத்தை முன்கூட்டி அளந்து குழாயில் குறியிடுங்கள். கூடுதலாகப் போனால் சிறுநீர்ப்பையைத் தொட்டுவிடும். சிறுநீர் கலந்தால் மாதிரி பாழ்.

பெண்ணின் பக்கம் இன்னும் நுணுக்கமானது. முட்டையை முதிரவைத்து வெளிவரச் செய்யும் ஹார்மோன் ஊசிகள் இரண்டு; இரண்டாவது போட்டு ஏறத்தாழ 40 மணி நேரத்துக்குப் பிறகே மயக்கம் தர வேண்டும். முட்டை வெளிவரும் முன் மயக்கினால் முட்டை வெளிவராமலே நின்றுவிடும். லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் கருவி) வழியாகக் கருப்பையில் விடுவதைவிட முட்டைக்குழாயிலேயே விட்டால் மிகக் குறைந்த விந்தணுவே போதும். அதே ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் உடல் எதிர்ப்புப்பொருளை உருவாக்கி, அடுத்த முறை சூலகம் அசையாது. எச்சத்தில் ஹார்மோன் அளந்து நாள் பாராமல் ஊசி எடுக்கக் கூடாது.

இதற்கெல்லாம் புதுக் கட்டமைப்பு வேண்டுமென்பதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் ஊர்தோறும் நைட்ரஜன் கேன் போய்ச் சேர்கிறது. அதே வண்டி, அதே குச்சி. கேனுக்கு மின்வெட்டால் ஆபத்தில்லை. வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டு நைட்ரஜன் மட்டம் பார்க்க மறப்பதே ஆபத்து. குச்சிகளில் பாதியை இன்னொரு ஊரில் வையுங்கள். குறியீட்டை ஸ்பிரிட்டில் அழியாத மையில் எழுதுங்கள்: இனம், வம்சப்பதிவேட்டு எண், தேதி.

உங்களிடம் கேட்பது இரண்டு. இறந்த விலங்கு அரசின் சொத்து என்பதால், மாதிரி எடுக்க ஒவ்வொரு முறையும் கடிதம் போய் வருவதற்குள் 24 மணி நேரமும் கடந்துவிடுகிறது. ஆகவே முதன்மை வன உயிரினக் காப்பாளர் நிலையான முன் அனுமதி ஒன்றைப் பிறப்பிக்க வேண்டும். அடுத்து, உடற்கூறாய்வுப் படிவத்தில் ஒரு வரி: 'விந்தகங்கள் எடுக்கப்பட்டனவா? எத்தனை மணிக்கு?'

இப்படிக்கு,
வன உயிரினக் கால்நடை மருத்துவர்கள் சிலர்