மீன்தொட்டிக்கும் இரவு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஹட்டன் பகுதியில் மூடுபனியால் பகலிலேயே வீடு இருண்டுவிடுவதால், மீன்தொட்டி விளக்கைக் காலை முதல் நள்ளிரவு வரை எரியவிடுவோர் பலர். எங்கள் வீட்டிலும் அவ்வாறு செய்ததில், சில வாரங்களிலேயே கண்ணாடியெங்கும் பச்சைப்பாசி படிந்து, வலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தின் இலை ஓரங்களில் கறுப்பு இழைகள் தொங்கத் தொடங்கின. சாதாரண நீர்த்தாவரங்களுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர ஒளி போதுமானது; மிகையான ஒளி பாசியையே வளர்க்கிறது. இமைகளற்ற மீன்களுக்கோ இருள்தான் ஓய்வு.

இப்போது டைமர் பொருத்தி, பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டுமே ஒளியூட்டுகிறோம். சுழலும் வகை டைமர் மின்வெட்டின்போது நின்று பிந்திவிடும் என்பதால், மின்சாரம் வந்ததும் அதைத் திருத்திவைக்க வேண்டும். மீன் விற்பனையாளர்கள் தொட்டியை விற்கும்போதே இவற்றை எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.