நாலு பேருக்கான அளவு

கீழ்வேளூர்,
ஐப்பசி 5

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பெரியவள், சின்னவன் நாலு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. பொதுவாக "எல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு" என்று முடித்துவிடாமல் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுது.

நீ செய்கிற ஷெப்பர்ட்ஸ் பை, அதுதான் கொத்துக்கறி மேல் உருளைக்கிழங்கை மசித்துப் பூசிச் சுடுவது, அங்கே பிரிட்டனில் பள்ளிக்கூடத்தில் போடுவது மாதிரி வரவில்லையாம், கிழங்கு கறிக்குள்ளே முங்கிப் போகிறதாம். பெரியவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கப்பலில் சீஃப் குக்காக இருந்தவன் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் குணம்தான். சரி, போனில் சொன்னால் பாதியில் சின்னவன் பிடுங்கிக்கொள்வான் என்று எழுதியே அனுப்புகிறேன். வாய்க்காலில் தண்ணீர், சம்பா நடவு, பெரியப்பா வீட்டுச் சங்கதி எல்லாம் அடுத்த கடிதத்தில்.

எல்லா அளவும் நாலு பேருக்குப் போட்டிருக்கிறேன். மூன்று பேருக்கு என்று குறைக்காதே. டிரே அதே டிரேதானே, கறி குறைந்தால் மெலிதாகப் பரவி ஓவனில் வறண்டுவிடும்.

முதலில் கறி. ஆட்டுக் கொத்துக்கறி 500 கிராம் பாக்கெட், லாம்ப் மின்ஸ் என்று போட்டிருக்கும். கொழுப்பு 20 சதவீதம் என்று இருப்பதை வாங்கு. உடம்புக்கு நல்லது என்று 10 சதவீதத்தை வாங்கினால் கறி வறவறவென்று இருக்கும். கொழுப்பை வதக்கும்போது வழித்து எடுத்துக்கொள்ளலாம், இல்லாத கொழுப்பைச் சேர்க்க முடியாது. மாட்டுக்கறியில் செய்தால் அதற்குக் காட்டேஜ் பை என்று பேர், வெள்ளைக்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். பை என்று பேர்தானே தவிர மாவுத் தட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சுட்ட கறியில் மிஞ்சியதைத் திங்கட்கிழமை கொத்தி, மேலே கிழங்கு மசித்துப் பூசிச் சுட்ட சிக்கனச் சாப்பாடு இது. இப்போதுதான் பச்சைக் கறி வாங்கிச் செய்கிறார்கள்.

நம் ஊர் வெள்ளாட்டுக் கறியென்றால் குக்கரில் நாலைந்து விசில் விட வேண்டும். அங்கே லாம்ப் என்று விற்பது ஒரு வயது நிரம்பாத செம்மறி, அரை மணியில் வெந்துவிடும். குக்கரை எடுக்காதே.

கறியில் இருக்கும் ஈரத்தைக் காகிதத்தில் ஒற்றி எடு. அடி கனமான வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, பாதிக் கறியை மட்டும் பரப்பு. இரண்டு மூன்று நிமிஷம் கரண்டியே போடாதே. அடிப்பக்கம் பழுப்பான பிறகு புரட்டி உதிர்த்துவிடு. அதை எடுத்து வைத்துவிட்டு மீதிப் பாதி. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். அப்புறம் எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் ருசி வராது. நீ அப்படித்தான் செய்திருப்பாய், ஆபீஸ் விட்டு வந்து அவசரத்தில். வாணலியில் இரண்டு டேபிள்ஸ்பூன் கொழுப்பு நிறுத்திவிட்டு மற்றதை வழித்துவிடு.

அதே கொழுப்பில் பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 1, எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கிப் போட்டு அரை டீஸ்பூன் உப்போடு நடுத்தரத் தீயில் 10 நிமிஷம். பூண்டு 3 பல். பிறகு டொமேட்டோ பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், நிறம் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும்வரை இரண்டு நிமிஷம் வதக்கு, இல்லாவிட்டால் பச்சைப் புளிப்பு கடைசிவரை நிற்கும். மைதா 1 டேபிள்ஸ்பூன் தூவி ஒரு நிமிஷம் கிளறு. கறியைத் திரும்பப் போட்டு, ஒரு ஸ்டாக் க்யூபை 350 மில்லி வெந்நீரில் கரைத்து ஊற்று. க்யூபிலேயே உப்பு நிறைய இருக்கும், கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் மேற்கொண்டு உப்பு. உன் கைக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. மீன் குழம்பில் அம்மாவுக்கே புளி அளவு சொன்னவள் நீ.

வூஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன். அதில் இருப்பது ஊறவைத்த நெத்திலிதான், நாகப்பட்டினத்துக்காரிக்கு அந்த வாசம் பிடிக்காமல் போகாது. பே லீஃப் ஒன்று. பிரியாணிக்குப் போடுகிற பிரிஞ்சி இலையைப் போட்டுவிடாதே, பட்டை வாசம் அடிக்கும். தைம் என்கிற வாசனை இலை அரை டீஸ்பூன். தீர்ந்துபோயிருந்தால் இரண்டு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிப் போடு, இரண்டிலும் வாசம் தருவது தைமால் என்கிற ஒரே சத்துதான்.

பாதி மூடி, சிறு தீயில் 30 நிமிஷம். இங்கேதான் உன் பிரச்சினை இருக்கிறது, கவனமாகப் படி. கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பார். கோடு இரண்டு மூன்று விநாடி திறந்திருந்து மெதுவாக மூட வேண்டும். இழுத்த உடனே குழம்பு ஓடிவந்து மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, மூடியை எடுத்துவிட்டுச் சுண்டவிடு. மூடவே இல்லையென்றால் சுண்டிவிட்டது, கால் டம்ளர் வெந்நீர் விடு, ஏனென்றால் ஓவனில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். பதம் வந்ததும் பச்சைப் பட்டாணி 100 கிராம், ஃப்ரீஸரிலிருந்து அப்படியே.

இலையை எடுத்துவிட்டு டிரேயில் பரப்பு. 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், ஐந்து செ.மீ. ஆழம், ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கிற கண்ணாடி டிரே. பரப்பி அரை மணி ஆறவிடு. மேலே ஆடை மாதிரி கட்ட வேண்டும். கொதிக்கிற கறியின் மேல் கிழங்கை வைத்தால் ஆவி கீழிருந்து இளக்கி, கிழங்கு உள்ளே இறங்கிவிடும். குழம்பு தண்ணீராக இருந்தது ஒன்று, ஆறாமல் பூசியது ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் உன்னுடையது முங்கியிருக்கிறது. எனவே ஆறவிடு.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அதைக் கேளுங்க, அதைக் கேளுங்க" என்கிறாள். எதை என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். இந்தக் கடிதம் சமையல் கடிதம், அதைத் தனியாக அவளே கேட்கட்டும்.

ஆறுகிற நேரத்தில் கிழங்கு. 1 கிலோ. மேரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட், வெந்தால் மாவாக உதிர்கிற ஜாதி. சாலட்டுக்கு என்று விற்கிற சின்னக் கிழங்கு வேண்டாம், அது வழுவழுவென்று நிற்கும், உதிராது. தோல் சீவி நாலைந்து செ.மீ. துண்டாக நறுக்கு. சின்னதாக நறுக்கினால் சீக்கிரம் வேகும் என்று நினைப்பாய், ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும். பச்சைத் தண்ணீரில், லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்புடன் போட்டுக் கொதிக்க வை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்து நடுவில் நறுக்கென்று இருக்கும். கொதித்த பிறகு 15 முதல் 18 நிமிஷம், கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டு நிமிஷம் குலுக்கு. ஆவி அடங்கி, துண்டுகளின் ஓரம் வெள்ளை பூத்த மாதிரி தெரியும். அதுதான் ஈரம் போன அடையாளம்.

மிக்ஸியில் மட்டும் போடாதே. பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவுச்சத்து உடைந்து வெளியே வந்து போஸ்டர் ஒட்டுகிற பசை ஆகிவிடும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அம்மா கட்டிக்கொடுத்த பித்தளை இடியாப்ப அச்சு இருக்கிறதே, அதில் சூடாகவே போட்டுப் பிழி. ஓட்டலில் இதற்கென்று வைத்திருக்கிற கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கட்டியே இருக்காது. பெரியவளைப் பிழியச் சொல், சின்னவன் தட்டு பிடிக்கட்டும். கனமான அச்சு, அழுத்தக் கை வலிக்கும், மாப்பிள்ளை இருந்தால் அவர் பிழியட்டும்.

முதலில் வெண்ணெய் 60 கிராம். வெண்ணெய் முழுக்கக் கலந்த பிறகுதான் பால். சூடான பால் 80 மில்லி, மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கிழங்கைப் பொறுத்து 20 மில்லி கூடக் குறைய ஆகும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக்கூடாது. சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிற மசியலைவிட இது கெட்டி. வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு முட்டை மஞ்சள் கரு. கரு போட்டால் நிறமும் வரும், பிடிப்பும் வரும்.

பூசும்போது நடுவில் கொட்டிப் பரப்பாதே. டிரேயின் ஓரத்தில் சுற்றிலும் கரண்டி கரண்டியாக வைத்து, கண்ணாடியோடு சேர்த்து அழுத்தி அடைத்துவிட்டு, பிறகு நடுவுக்கு வா. ஓரம் திறந்திருந்தால் குழம்பு பொங்கி மேலே ஏறிக் கிழங்கின் மேல் ஓடும். முள் கரண்டியால் வரப்பு வரப்பாகக் கீறிவிடு, மேடாக நிற்கிற இடம்தான் முறுகும். செடார் சீஸ் 50 கிராம் துருவித் தூவு.

ஓவன் 200 டிகிரி, ஃபேன் உள்ளதென்றால் 180. முன்கூட்டியே சூடாக்கி வை. நடுத்தட்டில் 30 நிமிஷம், கீழே ஒரு தகடு வை, சொட்டினால் ஓவன் கழுவுகிற வேலை மிச்சம். ஓரங்களில் குமிழ் விட்டு, வரப்பெல்லாம் பழுப்பாக வேண்டும். பழுப்பாகவில்லையென்றால் மேல் நெருப்பை மூன்று நிமிஷம் போடு, ஆனால் எதிரிலேயே நில். போனை எடுத்தால் கருகிவிடும்.

எடுத்ததும் வெட்டாதே. 10 நிமிஷம் ஆறவிடு, அப்போதுதான் துண்டு துண்டாக நிற்கும். டிரேயோடு மேசை நடுவில் வைத்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவை. கோஸை வெண்ணெயில் வதக்கிப் பக்கத்தில் வை. ரசம் வைக்காதே, இதற்கும் ரசத்திற்கும் ஆகாது. உனக்கு ரசம் இல்லாமல் இறங்காது என்று தெரியும், ஒரு நாள் இருக்கலாம்.

போன ஞாயிறு சின்னவன் போனை மேசைப் பக்கம் திருப்பியபோது தட்டுகளைப் பார்த்தேன். மூன்று இருந்தது. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்று சொன்னாய். அதற்கு முந்தின வாரமும் நைட் ஷிப்ட். வேலை என்றால் அப்படித்தான், கேட்கவில்லை. ஷிப்ட் போகிறவருக்கு இது வசதியான சாப்பாடு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நாலாவது பங்கை முதலிலேயே ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் தனியாகப் பூசி, சுடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வை, இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீஸரில் மூன்று மாதம். அவர் எந்த நேரத்துக்கு வந்தாலும் 180 டிகிரியில் ஃபாயில் மூடி 20 நிமிஷம், ஃபாயிலை எடுத்துவிட்டு 15 நிமிஷம், அன்றைக்குச் சுட்டதாகவே இருக்கும். நடுவில் கத்தியை விட்டு எடுத்துப் பார், கத்தி சுட வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே முறுகாது. முடிந்தால் அவருக்கு ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துச் செய், தனிக் கிண்ணம் தேவைப்படாது.

உனக்குக் கணக்கு சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளையும் வேலையையும் வைத்துக்கொண்டு நீ ஓட்டுகிற மாதிரி இந்தத் தெருவில் யாரும் ஓட்டமாட்டார்கள், அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தனியாக ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? பிழிகிற வேலையையாவது யாரிடமாவது கொடு.

இந்த அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்புறம் நமக்கு ஐந்தரை மணி வித்தியாசம். நீ மாலை 4 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை, விழித்துத்தான் இருப்போம். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்போம்.

காரம் எவ்வளவு என்று எழுதவில்லை, பார்த்தாயா. பள்ளிக்கூடத்தில் காரமே போடமாட்டார்கள், பெரியவளுக்கு அதுதான் பழக்கம். மாப்பிள்ளைக்குக் காரம் வேண்டும். டிரேயில் பாதிக்குக் காரம், பாதிக்கு இல்லை என்று பிரித்துச் செய்யாதே. குழம்பு ஓடிக் கலந்து இரண்டுமே கெட்டுவிடும். வெங்காயத்தோடு பச்சை மிளகாய் ஒன்று போட்டால் தெரியாது, இரண்டு போட்டால் சின்னவன் தண்ணீர் கேட்பான். எத்தனை என்று மாப்பிள்ளையிடமே கேட்டு எனக்கு எழுது. அல்லது அவரையே ஒரு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா