பென்சில் வட்டம் போட்ட அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் பெண்களுக்கான எங்கள் சொராரிட்டிக்கு (பெண்கள் மட்டுமே சேரும் கல்லூரி மாணவியர் சங்கம்) நேற்று மாலை பல்கலைக்கழக அங்கீகாரம் வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு சொல்லால் வந்த சிக்கல்தான் எல்லோருக்கும் தெரியுமே, விடுங்கள்.

முதல் நன்றி, கோயில் மடப்பள்ளியில் மாவு கரைத்துக்கொண்டே எங்கள் விதிமுறைத் தாளை வாங்கிப் படித்த அக்காவுக்கு. கணக்காளர், பெயர் போடக்கூடாதென்று கண்டிப்பு. இரண்டாம் பக்கத்தில் சங்கம் எப்படிப்பட்டது என்று சொல்லும் 'புரொஃபஷனல்' (தொழில்சார்ந்த) என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, "இதை எடுத்துட்டு 'சோஷியல்'னு போடுங்கம்மா, சிக்கல் இங்கதான்" என்றார். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுவரை கணக்குப் போடுகிற கூட்டம், ஒரு சொல்லில் கோட்டைவிட்டிருக்கிறது! அந்தத் தாளில் மாவு விரல்தடம் இன்னும் இருக்கிறது.

அவர் சொன்னதை, இனித் தொடங்குகிறவர்களுக்காகவும் எழுதிவைக்கிறோம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டமான டைட்டில் நைன் 1972-இல் வந்தது. 1974-இல் சொராரிட்டிகளின் உறுப்பினர் சேர்க்கைக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அதற்கு அமைப்பு சோஷியலாக, அதாவது தொழிலுக்காக அல்லாமல் நட்புக்கும் பழக்கத்துக்குமான சங்கமாக, இருக்கவேண்டும், வருமானவரி விலக்குப் பெற்றிருக்கவேண்டும், உறுப்பினர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாக இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் 'பெண்கள் மட்டும்' என்ற விதி நிற்காது. சோஷியல் என்று போட்டதால் ரெஸ்யூமே பட்டறை நடத்தத் தடையொன்றும் இல்லை.

வரிசையும் முக்கியம். முதலில் மாநிலத்தில் பதிவு, பிறகுதான் ஈ.ஐ.என். எனும் வரி அடையாள எண். மாற்றிச் செய்தால் பெயர் பொருந்தாமல் இழுத்தடிக்கும். அமெரிக்க வருமானவரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் அந்த எண் இலவசம். காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். எண்ணோடு வரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், வங்கியில் அதைத்தான் கேட்பார்கள்.

லேப் முடிகிற நேரம் பார்த்து இரவு எட்டரைக்கு அறை திறந்துவிட்ட நூலக ஊழியர்கள், கையெழுத்திட்ட பேராசிரியர்கள், புளியோதரை கட்டிக் கொடுத்த தமிழ்ச் சங்க மாமிகள், எல்லோருக்கும் நன்றி. 1984-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஃபை சிக்மா ரோ என்ற பொறியியல் மாணவியர் சொராரிட்டி பிறந்ததும் இந்த நேரத் தகராறில்தான்: பொறியியல் வகுப்புகளுக்கு நடுவே மற்ற சொராரிட்டிகளின் சேர்க்கைக்குப் போக முடியவில்லை.

அக்கா, ஆண்டுதோறும் ஐ.ஆர்.எஸ்.-க்குக் கொடுக்கும் 990-என் படிவத்தை மூன்று வருடம் தொடர்ந்து கொடுக்காமல் விட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும், அதோடு டைட்டில் நைன் விலக்கும் போகும் என்றீர்களே. நிர்வாகிகள் மே மாதம் மாறுவார்கள்; எங்கள் கணக்காண்டு ஜூன் 30-இல் முடிவதால் படிவத்துக்குக் கெடு நவம்பர் 15. பொருளாளர் கையேட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியைப் போட்டு, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறோம்.